தூசி பொறுக்கும் கைகள்

ஜப்பானின் கைக்காகிதமான வாஷியைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் கூழ்த்தொட்டியைச் சுற்றித்தான் நிற்பார்கள். எச்சிசெனுக்குப் போன எங்கள் குழுவும் அப்படித்தான் நின்றது. தண்ணீரை அள்ளும் மனிதரைவிட்டு யாருக்கும் கண்ணை எடுக்கத் தோன்றவில்லை. ஆனால் காகிதத்தின் தரம் அந்தத் தொட்டிக்கு வந்து சேரும் முன்பே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. அது எந்தக் கைகளில் என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

கியோட்டோவிலிருந்து கிளம்பி, சுருகாவில் ஷிங்கன்சென் மாறி, 2024 மார்ச்சில் திறந்த எச்சிசென்-தகெஃபு நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து பேருந்து. ஃபுகுய் மாகாணத்தில் மலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது அந்தப் பள்ளத்தாக்கு. விளைநிலம் குறைவு, ஓடைத் தண்ணீர் மட்டும் பளிங்காக ஓடுகிறது. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் ஆற்றின் மேல்கரையில் ஒரு பெண் தோன்றி, வயல் இல்லாத உங்களுக்கு இந்தத் தண்ணீரே போதும் என்று சொல்லிக் காகிதம் செய்யக் கற்றுக்கொடுத்தாள் என்பது ஊர்க் கதை. அவளைக் கவகாமி கோசென் என்ற பெயரில் கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள். தொழிலைக் கற்றுத்தந்தவள் பெண் என்பது பொருத்தம்தான். இந்த ஊரில் தொட்டியோரம் நின்று காகிதம் அள்ளியவர்களில் பெண்களே அதிகம்.

அருங்காட்சியகமாக மாற்றப்பட்ட 18ஆம் நூற்றாண்டுப் பட்டறை வீடு ஒன்றில் வேலை நடக்கிறது. மரத்தொட்டியில் கோசோ என்னும் காகித மல்பெரியின் நார் மிதக்கிறது. மூங்கில் ஈர்க்குகளைப் பட்டு நூலால் கோத்த தட்டியை மரச்சட்டத்தில் பொருத்தி, அள்ளி, முன்னும் பின்னும் ஆட்டுகிறார்கள். சென்டிமீட்டர் நீளமுள்ள நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. மரக்கூழ்க் காகிதத்தின் நார் சில மில்லிமீட்டர்தான். வாஷியைக் கிழிக்கப் பார்த்தால் அந்த வித்தியாசம் கைக்கே தெரியும்.

தொட்டித் தண்ணீரில் விரலை விட்டால் வழுக்குகிறது. தொரொரோ-அஓய் என்ற செடியின் வேரை நசுக்கி ஊறவைத்து எடுத்த கொழகொழப்பு அது. செடி வெண்டைக்குப் பங்காளி, அதே குடும்பம். பலரும் இதைப் பசை என்று நினைக்கிறார்கள். இது ஒட்டவைப்பதற்கே இல்லை. நாரை அடியில் படியவிடாமல் மிதக்கவைக்கிறது, தட்டியிலிருந்து நீர் வடிவதைத் தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதத்தில்தான் ஆட்டுவதற்கு அவகாசம் கிடைக்கிறது. இன்னொரு அதிசயமும் உண்டு. ஈரத் தாள்களை நடுவில் துணிகூட வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மெல்ல மெல்ல அழுத்தி நீரை வடிக்கிறார்கள். பிறகு உரித்தால் ஒவ்வொரு தாளும் தனித்தனியாக வந்துவிடுகிறது. வெயில் ஏறினால் இந்தக் கொழகொழப்பு நீர்த்துப்போகும். அதனால்தான் கை விறைக்கும் குளிர்காலத்துக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம்.

தொட்டியைத் தாண்டி உள்ளே, ஜன்னலோரம் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். முன்னால் ஓடும் தண்ணீர், அதில் வேகவைத்த வெண்பட்டை நார். ஒரு பிடி நாரைத் தண்ணீருக்குள்ளேயே விரித்து, கடுகளவுப் பட்டைத் துணுக்கையும் நகத்தால் கிள்ளி எடுக்கிறார். ஒரு பிடி முடிந்தால் அடுத்தது. காற்றடிக்கும்போது ஒரு கோசோக் கம்பு இன்னொன்றில் உரசினாலே பட்டையில் காயம் விழுமாம். வெந்தபிறகு அது பழுப்புத் தழும்பாக நிற்கும். அதையும் எடுத்தாக வேண்டும். குளோரின் போட்டு வெளுத்தால் வேலை சுலபம்தான், ஆனால் நார் பலம் இழந்துவிடும்.

கை மரத்துப்போகாதா என்று வழிகாட்டிப் பெண் மூலம் கேட்டேன். பக்கத்தில் இருந்த வெந்நீர் வாளியைக் காட்டினார். "மரத்துப்போனா இதுல முக்கிக்குவேன். கை சொன்ன பேச்சைக் கேக்கும். கண்ணுதான் சீக்கிரம் களைச்சுப்போகுது." சொல்லிக்கொண்டே அடுத்த துணுக்கைக் கிள்ளினார். எனக்குத் தெளிந்த நாராகத் தெரிந்த இடத்தில் அவருக்கு இன்னும் மூன்று தூசி தெரிந்தது.

வெட்டிய நூறு கிலோ கோசோக் கம்பிலிருந்து நான்கைந்து கிலோ காகிதம்தான் தேறும். மீதியெல்லாம் நீக்கப்பட்டது. நீக்கியவர்கள் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. 1868இல் மெய்ஜி அரசு வெளியிட்ட தேசியக் காகிதப் பணம் எச்சிசென் தாளில் அச்சானது என்பதை இவ்வூரார் பெருமையோடு சொல்கிறார்கள். இவ்வூர்க் காகிதக் குடும்பம் ஒன்றின் எட்டாம் இவானோ இச்சிபெ 1968இலும், ஒன்பதாமவர் 2000இலும் 'வாழும் தேசியப் பொக்கிஷம்' ஆனார்கள். மரச்செதுக்கு ஓவியம் அச்சிடுவோர் தேடும் ஹோஷோ காகிதத்தைச் செய்யும் குடும்பம் அது. அந்த மரியாதை தகும். ஆனாலும் எச்சிசெனின் தொரினொகோ காகிதத்துக்கு 2017இல் வந்த தேசிய அங்கீகாரம், தனியொருவருக்கு அல்லாமல் ஒரு பாதுகாப்புச் சங்கத்துக்கு வழங்கப்பட்டது எனக்கு இன்னும் நிறைவாகப் படுகிறது. இது பல கைகள் கூடிச் செய்யும் தொழில்.

அந்தக் கைகள் இந்தப் பள்ளத்தாக்கோடு நிற்கவும் இல்லை. தொரொரோ-அஓய் பெரும்பாலும் இபராகி மாகாணத்தின் ஒமிதாமாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. வேர் பருக்க வேண்டுமென்றால் மொட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் கிள்ள வேண்டும். அங்கே அதைப் பயிரிட்டுவந்த சில குடும்பங்கள், வயதாகிவிட்டது, இனி முடியாது என்று 2019இல் சொன்னபோது ஜப்பான் முழுக்கக் காகிதப் பட்டறைகள் கலங்கின. ஈர்க்குத் தட்டி பின்னுவோரும் மிகக் குறைந்துவிட்டார்கள். தட்டி பழுதானால் எத்தனை தேர்ந்த கையும் தொட்டியோரம் சும்மா நிற்க வேண்டியதுதான்.

பயணத் திட்டத்தில் அடுத்தது அஞ்சலட்டை செய்யும் பயிற்சி. இருபது நிமிடத்தில் பூவிதழ் பதித்த அட்டையோடு வெளியே வரலாம். அதில் பாதி நேரத்தை நார் பொறுக்கக் கொடுங்கள் என்று வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் அந்த அம்மாவிடம் அனுமதி வாங்கித்தந்தார். நாங்கள் நாலைந்து பேர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அந்த அம்மா ஆளுக்கு ஒரு பிடி நாரை முன்னால் போட்டார். பேருந்துக்கு அழைப்பு வரும்வரை யாருக்கும் முதல் பிடியே முடியவில்லை. முடித்ததாக நினைத்துத் தந்த ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தவர், தலையைக் குனிந்து வணங்கிவிட்டு, அதை மறுபடி தண்ணீரில் விட்டுப் பொறுக்கத் தொடங்கினார்.