அடுப்பும் அடுக்கும்

நுழையும்முன்

நகரம் வளரும்போது அதன் கட்டடங்களும் உயர்கின்றன. உயர்ந்தெழும் ஒவ்வொரு கட்டடமும், முன்பே ஏதோ ஒன்று இருந்த இடத்தில்தான் எழுகிறது. பல இடங்களில் அது ஒற்றைத் தளமுடைய ஓர் எளிய உணவகமாக இருக்கிறது. அந்த மாற்றத்தில் நகரம் பெறுவது எது, இழப்பது எது என்பதைச் சீர்தூக்கிப் பார்க்கிறது இக்கட்டுரை.

சாலை மாறிய கதை

சென்னையின் தென்பகுதியில் மத்திய கைலாசத்திலிருந்து புறப்பட்டு மாமல்லபுரம் நோக்கிச் செல்கிறது பழைய மாமல்லபுரம் சாலை. பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என அதன் இருபுறமும் அமைந்த ஊர்கள் ஒரு தலைமுறைக்கு முன்புவரை சிற்றூர்களாகவே விளங்கின. 2000ஆம் ஆண்டு தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின்னர் அச்சாலையின் போக்கு மாறியது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் அடுத்தடுத்து வந்தன. 2011இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, பெருங்குடி முதல் சோழிங்கநல்லூர் வரையிலான ஊர்களும் மாநகரின் பகுதிகளாயின.

இந்த வளர்ச்சிக்கு முதலில் சோறிட்டவை சாலையோரத்துத் தாழ்ந்த கட்டடங்கள். கண்ணாடிச் சுவர்கள் எழுவதற்கு முன்பே, அவற்றை எழுப்ப வந்த கட்டடத் தொழிலாளர்களுக்காகத் தேநீர்க் கடைகளும் ‘மெஸ்’களும் தோன்றின. பின்னர் அவையே கணினிப் பொறியாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் காவற்பணியாளர்களுக்கும் உணவளித்தன. முன்புறம் கல்லாப்பெட்டி, அதனருகே பரோட்டாக் கல், உள்ளே பத்துப் பன்னிரண்டு மேசைகள், பின்புறம் சமையற்கட்டு, வாசலில் வண்டிகள் நிற்கச் சிறிது மண்தரை. இவ்வளவே அவற்றின் அமைப்பு. இன்று அந்த மண்தரையின் மீதும் கூரையின் மீதும் சந்தையின் கண் பதிந்திருக்கிறது.

உணவகம் என்னும் பொதுவிடம்

காசு கொடுத்து உண்ணும் இடம் தமிழர்க்குப் புதிதன்று. மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் பாடிய மதுரைக்காஞ்சி, அங்கு உண்பொருள்கள் விற்கப்பட்ட காட்சியையும் காட்டுகிறது. பலநிலை மாடங்களும் பரபரப்பான அங்காடிகளும் ஒரே நகரில் அருகருகே இருந்தன என்பது பழந்தமிழ் இலக்கியம் தரும் செய்தி. உயர்ந்த மாடமும் தெருவோர அடுப்பும் ஒன்றுக்கொன்று பகையாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை.

ஆனால், எல்லாரும் ஒரே இடத்தில் அமர்ந்து உண்பது என்பது தானாக வந்த வழக்கமன்று. சாதி பார்த்து இடம் பிரித்த உணவு விடுதிகள் தமிழகத்தில் இருந்தன. உணவகப் பெயர்ப்பலகைகளில் சாதிப்பெயர் இடம்பெறுவதை எதிர்த்துத் தந்தை பெரியார் 1957இல் போராட்டம் நடத்தினார். அதற்கு முன்னரே, 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, சமயம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணம் காட்டிக் கடைகளிலும் பொது உணவகங்களிலும் ஒருவர் நுழைவதைத் தடுக்கலாகாது என்று அறுதியிட்டிருந்தது. நாட்டின் அடிப்படைச் சட்டமே உணவகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. அறிமுகமற்ற இருவர் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து உண்பது, சமத்துவம் அன்றாட வாழ்வில் நிகழும் இடங்களுள் ஒன்று.

சாலையோர உணவகத்தில் அது நாள்தோறும் நிகழ்கிறது. அலுவலக அட்டையைக் கழுத்தில் அணிந்த இளைஞரும், சுமை இறக்கிவிட்டு வந்த தொழிலாளியும் ஒரே பெஞ்சில் இடம் தேடுகின்றனர். “கொஞ்சம் தள்ளி உட்காருங்க” என்ற ஒற்றைச் சொல்லில் இடம் கிடைத்துவிடுகிறது. யார், எவர் என்ற வினா எழுவதில்லை.

நிலத்தின் கணக்கு

இத்தகைய உணவகங்கள் ஏன் மறைகின்றன? வாடிக்கையாளர் குறைந்ததால் அல்ல. பெரும்பாலும், அவை அமைந்துள்ள நிலத்தின் மதிப்பு கூடியதால்தான்.

ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதைத் தளப்பரப்புக் குறியீடு வரையறுக்கிறது. கட்டடத்தின் எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி, மனையின் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அக்குறியீடு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி, 18.30 மீட்டருக்கு மேல் உயர்வது உயரமான கட்டடம் எனப்படும். உயரம் குறைந்த கட்டடத்திற்குக் குறியீடு 2. போதிய அகலமுள்ள சாலையை ஒட்டி எழும் உயரமான கட்டடத்திற்கு 3.25.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் செய்தி தெளிவாகும். ஓர் உணவகம் 10 கிரவுண்டு, அதாவது 24,000 சதுர அடி மனையில் உள்ளது எனக் கொள்வோர், அதில் பாதியில் ஒற்றைத்தளக் கட்டடமும் மீதியில் வண்டி நிறுத்துமிடமும் இருப்பதாகவும் கொள்ளலாம். பயன்பாட்டில் உள்ள தளப்பரப்பு 12,000 சதுர அடி. அதே மனையில் உயரமான கட்டடம் எழுமானால், 78,000 சதுர அடிவரை கட்ட இயலும். ஆறரை மடங்கு! இட்டிலியும் தோசையும் விற்று ஈட்டும் வருவாய், இந்தப் பெருக்கத்தோடு போட்டியிட முடியாது.

இந்தக் கணக்கில் உணவகத்தை நடத்துபவருக்குப் பெரும்பாலும் இடமில்லை. நிலம் ஒருவருடையது, அடுப்பு மற்றொருவருடையது. நிலவுரிமையாளர் விற்பனைத் தொகையோ புதிய கட்டடத்தில் பங்கோ பெறுகிறார். வாடகைக்கு இருந்தவர் முன்பணத்தைப் பெற்றுக்கொண்டு பாத்திரங்களை ஏற்றிச் செல்கிறார். சரக்கு மாஸ்டரும், பரிமாறுபவரும், பாத்திரம் துலக்கும் பெண்ணும் வேறு வேலை தேடுகின்றனர். அவர்களுக்கு இழப்பீடு தர எந்தப் பத்திரத்திலும் வரியில்லை.

உயரத்தின் நியாயம்

ஆகவே உயரமான கட்டடங்களே வேண்டா என்று முடிவு செய்வது எளிது; ஆனால் அது சரியாகாது. 1959இல் அண்ணா சாலையில் பல தளங்களுடன் எல்.ஐ.சி. கட்டடம் எழுந்தபோது, சென்னை அதனைப் பெருமிதத்தோடு அண்ணாந்து பார்த்தது. அந்தப் பெருமிதத்தைக் காட்டிலும் வலுவான காரணங்கள் இன்று உள்ளன.

சென்னைக்குக் கிழக்கே கடல். மற்றத் திசைகளில் நகரம் தாழ்வாகப் படர்ந்துகொண்டே சென்றால், அது விழுங்குவது ஏரிகளையும் வயல்களையும்தான். பழைய மாமல்லபுரம் சாலைக்கு மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் உள்ளது. மழைநீரைத் தேக்கி வைத்து மெல்லக் கடலுக்கு அனுப்பும் அந்நிலம், ஒரு காலத்தில் இருந்த பரப்பின் பெரும்பகுதியை இழந்துவிட்டது. எஞ்சிய பகுதி 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. மக்கள் வாழவும் பணியாற்றவும் உயரத்தில் இடம் கிடைத்தால், தரையில் நீருக்கும் பறவைகளுக்கும் இடம் மிஞ்சும். அலுவலகத்திற்கு அருகிலேயே வீடு அமைந்தால், நாள்தோறும் சாலையில் கழியும் நேரமும் எரியும் எரிபொருளும் குறையும். உயரும் கட்டடம், சதுப்பு நிலத்தின் மீதே எழாதவரை, இந்த நியாயம் பொருந்தும்.

வானை நோக்கிய வளர்ச்சி தேவை. அந்த வளர்ச்சி தன் காலடியில் என்ன வைத்திருக்கிறது என்பதே ஆராய வேண்டியது.

தரைத்தளத்தில் நிகழ்வது

புதிய கோபுரக் கட்டடங்களிலும் உணவுக்கூடங்கள் உள்ளன. அவை தூய்மையானவை, குளிரூட்டப்பட்டவை. பலவகை உணவும் அங்குக் கிடைக்கின்றன. எனினும், அவற்றுள் பல அடையாள அட்டையைக் காட்டினால் மட்டுமே திறக்கும் கதவுகளுக்கு அப்பால் அமைந்திருக்கின்றன. கதவில்லாத இடங்களில் விலைப்பட்டியலே கதவாகிவிடுகிறது. தரைத்தளத்தின் வாடகையைத் தாங்கக்கூடியவை பெரிய வணிகப் பெயர்களே. தெருவை நோக்கி உணவகம் திறந்திருந்த இடத்தில் இப்போது மதிற்சுவரும், நீரூற்றும், வாகனச் சோதனைத் தடுப்பும் நிற்கின்றன.

சாதிப்பலகை இங்கில்லை. ஆயினும் உண்பவர் வகைபிரிக்கப்படுகின்றனர். கட்டடத்தைக் காக்கும் காவலர், வாயிலுக்கு வெளியே நெடுந்தொலைவு நடந்து தேநீர் பருகிவர வேண்டியுள்ளது. அக்கட்டடத்தைக் கட்டிய தொழிலாளி, பணி முடிந்த மறுநாள் அதனுள் நுழைய முடியாத அயலாராகிறார்.

மலிவான உணவு வணிகப் பொருள் மட்டுமன்று, நகரின் அடிப்படைத் தேவை என்பதைத் தமிழ்நாடு உணர்ந்தே இருக்கிறது. 2013இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்களில் இட்டிலி ஒரு ரூபாய்க்கும், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய்க்கும், தயிர் சாதம் மூன்று ரூபாய்க்கும் வழங்கப்பட்டன. குடிநீரையும் சாலையையும் போல உணவும் நகரம் திட்டமிட வேண்டிய ஒன்று என்பதற்கு இது சான்று.

உணவகம் மறைந்தாலும் அதன் இடம் மக்களிடமே தங்கியதற்கும் சென்னையில் எடுத்துக்காட்டு உண்டு. கதீட்ரல் சாலையில் 1962இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம், மரநிழலில் நிற்கும் வண்டிக்கே சிற்றுண்டியைக் கொண்டுவந்து தந்து புகழ்பெற்றது. 2008இல் அது மூடப்பட்டபோது பலர் வருந்தினர். 2010இல் அவ்விடத்தில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. உணவகம் போயிற்று; எனினும் நிழலும் மக்கள் கூடும் தரையும் எஞ்சின. அது அரசு நிலம் என்பதால் இது இயன்றது. தனியார் நிலத்தில் இத்தகைய பயன் தானாக விளையாது; விதிகளே அதனை விளைவிக்க வேண்டும்.

சிங்கப்பூர் காட்டும் வழி

வானளாவிய கட்டடங்களுக்குப் பெயர்பெற்ற சிங்கப்பூர், இச்சிக்கலை முன்னரே எதிர்கொண்டது. அந்நாட்டு அரசு 1970களிலும் 1980களிலும் தெருவோர உணவு வணிகர்களைத் தண்ணீர், கழிவுநீர் வசதிகளோடு கட்டப்பட்ட உணவங்காடி நிலையங்களில் குடியமர்த்தியது. அடுக்குமாடிக் குடியிருப்புகளைத் திட்டமிட்டபோதே அவற்றின் அருகில் உணவங்காடிகளுக்கும் இடம் ஒதுக்கியது. இன்று அந்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட உணவங்காடிகள் உள்ளன. தமிழ் ஒலிக்கும் குட்டி இந்தியாவில் உள்ள தேக்கா நிலையத்தில் தோசையும் பிரியாணியும் சீன, மலாய் உணவுகளும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன. நிதி மையத்தின் வானுயர் கட்டடங்களுக்கு நடுவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரும்புத் தூண்களோடு லாவ் பா சாட் என்னும் தாழ்ந்த உணவங்காடி இன்றும் நிற்கிறது. 2020இல் யுனெஸ்கோ சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

குறைகள் அங்கும் உண்டு. முதிய சமையற்கலைஞர்களுக்குப் பின் அத்தொழிலை ஏற்க இளையோர் தயங்குகின்றனர். எனினும், உயர்ந்த கட்டடத்தின் நிழலில் மலிவான உணவும் பொதுவான மேசையும் நிலைக்க முடியும் என்பதை அந்நகரம் மெய்ப்பித்திருக்கிறது.

செய்யத்தக்கவை

சென்னையின் வளரும் பகுதிகளுக்கும் வழிகள் உள்ளன. உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு கூடுதல் தளப்பரப்பை அனுமதிக்கும் முறை தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அவ்வாறு கூடுதல் உயரம் பெறும் கட்டடம், தெருவை நோக்கிய தரைத்தளத்தின் ஒரு பகுதியைத் தாங்கத்தக்க வாடகையில் சிறு உணவகங்களுக்கு அளிக்க வேண்டும் என்று விதிக்கலாம். அம்மனையில் முன்பு உணவகம் நடத்தியவருக்கு அங்குத் திரும்பிவர முதல் உரிமை வழங்கலாம். கட்டுமானம் நடைபெறும் ஆண்டுகளில் அவர் தொழில் நடத்த அருகில் தற்காலிக இடம் தரலாம். உணவுக்கூடத்தின் வாயில், அட்டை இல்லாதவருக்கும் திறக்கும்படி தெருவின் பக்கம் அமைய வேண்டும் என்பதையும் கட்டட அனுமதியின்போதே உறுதிசெய்யலாம்.

இவற்றுக்குக் காலம் மிகுதியாக இல்லை. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையிலான மெட்ரோ தடம் இச்சாலை வழியே அமைக்கப்படுகிறது. தொடர்வண்டி ஓடத் தொடங்கினால் நிலத்தின் விலை மேலும் ஏறும். தாழ்ந்த கூரைகள் மேலும் விரைவாக மறையும். இன்று பள்ளியில் பயிலும் தலைமுறை வேலை தேடி அச்சாலைக்குச் செல்லும்போது, மதிய வேளையில் அவர்களுக்கும் அவர்களது கட்டடத்தைக் காப்பவருக்கும் ஒரே மேசை கிடைக்குமா என்பது, இப்போது எழுதப்படும் விதிகளைப் பொறுத்தது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நெடுங்காலமாக இயங்கிவரும் ஓர் உணவகத்தைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ‘வளரும் நகரங்களுக்கு உயரமான கட்டடங்கள் தேவை’ என்னும் பொருளில் வகுப்பறையில் பட்டிமன்றம் நடத்துக.

3. உங்கள் பகுதியில் புதிதாக எழும் கட்டடத்தின் தரைத்தளத்தில் இடம்பெற வேண்டியவற்றைப் பட்டியலிட்டு, அதற்கான காரணங்களுடன் உள்ளாட்சி அமைப்புக்கு ஒரு விண்ணப்பம் வரைக.