ராஜபாளையத்தில் கற்ற காற்றுப் பாடம்

போன வருஷம் கத்திரி வெயிலில் எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சென்னையில் எங்களுடையது அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல் மாடி. ஒரு ஹால், மூன்று அறைகள். ஏ.ஸி. இருப்பது ஓர் அறையில் மட்டும். என் மாமியாருக்கு வயது எழுபத்தெட்டு. "அந்தக் குளிர் எனக்கு ஒத்துக்காதும்மா, ஃபேன் போதும்" என்று தன் அறையிலேயே இருந்துவிடுவார். ஒரு நாள் மத்தியானம் நானும் பிள்ளைகளும் ஏ.ஸி. அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிட்டோம். எழுந்து போய்ப் பார்த்தால், அத்தை கட்டிலில் வாய் குழறிக் கிடக்கிறார். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. என்னையே அடையாளம் தெரியவில்லை. 108-க்குச் சொல்லிவிட்டு, ஈரத்துணியால் உடம்பு முழுக்கத் துடைத்து விசிறிக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். "நினைவு தடுமாறும்போது வாயில் தண்ணீர் ஊற்றாமல் இருந்தீர்களே, நல்லது, புரை ஏறியிருக்கும். வயசானவங்களுக்குத் தாகமே சரியாத் தெரியாது. நீங்கதான் வேளாவேளைக்குக் குடிக்கக் கொடுக்கணும்" என்றார் டாக்டர். கடவுள் புண்ணியத்தில் பிழைத்தார். ஆனால் பத்தடி தூரத்தில் நான் குளுகுளுவென்று தூங்கினேனே என்ற உறுத்தல் மட்டும் போகவில்லை.

"அறைக்கு ஒண்ணு போட்டுடலாம்" என்றார் இவர். ஓர் ஏ.ஸி. ஓடும் மின்சாரத்தில் சுமார் இருபது ஃபேன் ஓடும். மூன்று போட்டால் கரண்டு பில் என்ன ஆவது? யோசித்துக்கொண்டே ஒரு வருஷம் ஓடிவிட்டது. இந்த ஏப்ரலில் ராஜபாளையத்திலிருந்து என் மதினி, அதாவது இவருடைய அக்கா, "அம்மாவைக் கூட்டிட்டு வா, கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று போன் செய்தார். பொதிகை எக்ஸ்பிரஸில் கிளம்பினோம். ராத்திரி ஏறிப் படுத்தால், விடிகிற நேரத்தில் ஜன்னலில் மேற்குத் தொடர்ச்சி மலை தெரிகிறது.

ராஜபாளையம் நூல் மில்லுக்கும் நாய்க்கும் பேர்போன ஊர். சப்பட்டை மாம்பழத்தையும் விட்டுவிடக் கூடாது. மலையடிவாரமாயிற்றே, ஜிலுஜிலுவென்று இருக்கும் என்று நினைத்துப் போனேன். பதினொரு மணிக்குக் கடைத்தெருவுக்குப் போய் வந்ததும் முகம் எரிந்தது. சென்னை மாதிரி கசகசவென்ற வேர்வை இல்லை, காய்ந்த வெயில்.

மதினி வீடும் அடுக்குமாடிதான், அதுவும் மேல் மாடி. ஏ.ஸி. கிடையாது. ஆனால் உள்ளே நுழைந்தால் மூன்று அறையும் ஒரே சீராய்க் குளுமையாக இருந்தன! ஜன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. வெளிப்பக்கம் மூங்கில் தட்டி தொங்கியது.

"பட்டப்பகல்ல ஏன் மதினி இப்படி மூடி வச்சிருக்கீங்க?" என்றேன்.

"வெயில் நேரத்துல ஜன்னலைத் திறந்தா அனலைக் கூப்பிட்டு உட்கார வச்ச மாதிரிம்மா. தட்டியும் வெளியேதான் கட்டணும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலை உள்பக்கத்துத் திரை என்ன பண்ணும்?"

சாயங்காலம் வெளிக்காற்று குளிர்ந்த பிறகுதான் எல்லா ஜன்னலையும் திறந்தார். ஓர் அறை ஜன்னலில் டேபிள் ஃபேனை வெளியே பார்த்து வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. "தெருவுக்கா விசிறிவிடறீங்க?" ஆனால் அது உள்ளே தேங்கிய சூட்டை வெளியே தள்ளத் தள்ள, மற்ற அறை ஜன்னல்கள் வழியாகக் குளிர்ந்த காற்று தானாக உள்ளே வந்தது. ஒரு ஃபேனுக்கு மூன்று அறை! மொட்டை மாடிக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். காங்கிரீட் பகலெல்லாம் குடித்த சூட்டைத்தானே ராத்திரி நம் தலையில் இறக்குகிறது? 2010-ல் கடும் வெயிலுக்கு ஏராளமான உயிர்களைப் பறிகொடுத்த ஆமதாபாத் நகரம், 2013-ல் வெயிலுக்கென்றே தனித் திட்டம் வகுத்தது. பிற்பாடு ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடிப்பதையும் அதில் சேர்த்தார்கள்.

மறுநாள் அத்தையுடன் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். 12 கிலோமீட்டர்தான். பதினோரு நிலைக் கோபுரம், 192 அடி உயரம், தூரத்திலேயே கண்ணில் படுகிறது. கோயில் வெளிப் பிராகாரத்தில் கால் வைக்க முடியாமல் குதித்துக்கொண்டு ஓடினேன். கல் மண்டபத்துக்குள் போனதும் தரை சில்லென்றிருந்தது. அதே கல்தான், வெயில் படவில்லை, அவ்வளவே. ஆண்டாளைத் தரிசித்து, 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவும் வாங்கிக்கொண்டு, ரத வீதிப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனோம். பழைய சுண்ணாம்புக் காரை வீடு. திண்ணை, நடை, பட்டாசாலை, முற்றம், புழக்கடை எல்லாம் ஒரே நேர்கோட்டில். வாசலில் நின்றால் கொல்லை மரம் தெரிகிறது. முற்றத்து வழியாகச் சூடு மேலே போய்விடுகிறது.

அத்தை நடையில் முந்தானையை விரித்துப் படுத்து, "நம்ம வீட்ல காத்து வர்றதுக்கு வழி இருக்கு, போறதுக்கு வழி இல்லம்மா" என்றார்.

எனக்குப் பளிச்சென்று உறைத்தது. எங்கள் ஃபிளாட்டில் வாசல் கதவு எப்போதும் சாத்தியே கிடக்கும். அறைக் கதவுகளும் அப்படித்தான். ஒவ்வொரு அறையும் ஒரு பெட்டி. பெட்டிக்கு எத்தனை ஃபேன் போட்டால் என்ன?

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக வாசலுக்குக் கொசுவலை வைத்த கிரில் கதவு போட்டோம். அதற்கு நேர் எதிரே பால்கனி. எங்கள் வீட்டுக்கும் புழக்கடை வந்துவிட்டது. குடியிருப்போர் கூட்டத்தில் மன்றாடி மாடிக்கு வெள்ளையும் அடித்தாயிற்று. ஆனால் மதினி சொன்னதை அப்படியே காப்பியடிக்கவில்லை. சென்னையில் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வரும். வந்ததும் கிழக்கு ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். அது வரத் தாமதமாகும் நாளில்தான் வெயில் வாட்டி எடுக்கும். அதுவரை மூடியே வைக்கிறேன். தண்ணீர் ஊற்றும் ஏர்கூலர் ராஜபாளையத்தின் காய்ந்த காற்றுக்குச் சரி. இங்கே ஏற்கெனவே ஈரக்காற்று, புழுக்கம்தான் மிஞ்சும். அதனால் வாங்கவில்லை.

ஏ.ஸி.யையும் ஒதுக்கவில்லை. வெயில் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் 27-ல் வைத்து, ஃபேனும் போட்டு, எல்லோரும் ஒரே அறையில். அத்தையும்தான். "குளிருதுடி" என்றால் ஒரு போர்வை. பக்கத்தில் மோர்ச் சொம்பு. மணிக்கு ஒரு டம்ளர் குடிக்காவிட்டால் நான் விடுவதில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் தனி அறையில் ஒரு வயதானவர் "ஃபேன் போதும்" என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். கதவைச் சாத்துமுன் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.