தறிவீட்டில் கிடந்த புல்லட்

என் கல்யாணத்தில் எனக்கு மைத்துனன் மோதிரம் போட்டபோது என் மச்சினனுக்கு நாலு வயசு. மாமனார் அவன் கையைப் பிடித்துத்தான் போட வைத்தார். மோதிரம் பெரிசு. விரலில் நிற்காமல் சுழன்றது. "மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் சாப்பிடணும்" என்று யாரோ சொல்ல, பந்தலே சிரித்தது. அந்தப் பையன்தான் பிற்பாடு வெம்பாக்கத்தில் அப்பாவின் குழித்தறியில் இறங்கி உட்கார்ந்தான். கடைகளில் ஆரணிப் பட்டு என்று விற்பதில் எங்கள் பக்கத்துத் தறிகளில் நெய்ததும் உண்டு. அவன் நெய்ததும் உண்டு.

நான் புதுச்சேரிக்காரன். படித்தது பிரெஞ்சில். செர்த்திபிக்கா, பிரெவே எல்லாம் முடித்து, அரசாங்க ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அறுபதில் ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு என் மனைவிக்குப் பிறந்த ஊர் ஞாபகம் வந்துவிட்டது. மாமனார் வீட்டின் பாதியில் நாங்கள், மறு பாதியில் மச்சினன் குடும்பம். நடுவில் தறிவீடு. மச்சினனும் என்னை மாமா என்பான், அவன் மகளும் மாமா என்பாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் எந்தப் பக்கம் திரும்புவது என்று இன்றைக்கும் குழப்பம்தான்.

அவனிடம் 1983ஆம் வருஷத்து புல்லட் ஒன்று உண்டு. இரண்டாம் கையாக வாங்கியது. நெய்து முடித்த சேலையை வெள்ளைத் துணியில் சுற்றி, மேலே பாலிதீன் போட்டு, பின்னால் கேரியரில் கட்டிக்கொண்டு ஆரணிக்குப் போவான். திரும்பும்போது பட்டு நூலும் ஜரிகையும் வரும். தெரு முனையில் வண்டி திரும்பும் சத்தத்தை வைத்தே அவன் மனைவி உலையில் அரிசியைப் போடுவாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதத்து இரவில், செய்யாறு வருவதற்கு முன்னால் ரோட்டில் எருமை குறுக்கே வந்துவிட்டது. வண்டி வலது பக்கமாகச் சாய்ந்து வெகுதூரம் இழுத்துக்கொண்டு போயிற்று. அவன் வலது கால் அடியில் மாட்டிக்கொண்டது. கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு, உள்ளே பிளேட் வைத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் குழித்தறியில் ஜக்கார்டைத் தூக்குவது கால்தான். ஒவ்வொரு ஊடைக்கும் மிதிக்க வேண்டும். பத்து நிமிஷம் மிதித்தால் கணுக்கால் வீங்கிவிடுகிறது. தறி நின்றது.

வண்டியை யாரோ டாட்டா ஏஸில் ஏற்றி வந்து தறிவீட்டில் சாத்திவிட்டுப் போனார்கள். எட்டு மாதம் அங்கேயே கிடந்தது. அதைப் பார்த்த மெக்கானிக் ஒருவர், "ஃபோர்க் போச்சு, தலை போச்சு, டைமிங் கவர் உடைஞ்சிருக்கு. எடைக்குப் போடுங்க, இல்லாட்டி நானே எடுத்துக்கிறேன்" என்றார். எடைக்குப் போட வேண்டியதை அவர் எதற்கு எடுத்துக்கொள்கிறார் என்று எனக்குத் தோன்றியது. முப்பத்தெட்டு வருஷம் ஃபைல் பார்த்தவனுக்கு அந்தச் சந்தேகம் தானாக வரும்.

"நாமே பிரிப்போம்" என்றேன் மச்சினனிடம்.

"இன்னாத்துக்கு இந்த வயசுல?" என்று கேட்டது என் மனைவி. அவள் கேட்டதில் நியாயம் உண்டு. நான் அதுவரை பிரித்துச் சேர்த்தது என் பழைய சுவேகாவை மட்டும்தான். திருப்பதியில், பிரெஞ்சு மொத்தோபெக்கான் கம்பெனியின் கூட்டில் செய்த மொபெட் அது. புதுச்சேரியில் எங்கள் சின்ன வயசில் ஓடிய மொபிலெத்தின் தம்பி என்று சொல்லலாம். அதில் கரி எடுப்பேன், பிளக் தேய்ப்பேன். அவ்வளவுதான் என் யோக்கியதை.

ஆனால் மச்சினன் தறிவீட்டுப் பக்கமே வராமல் திண்ணையில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கத் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஐப்பசி மழையில் ஆரம்பித்தோம். சாக்கு விரித்து, அதன் மேல் பழைய வேட்டி விரித்து, அவன் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தான். நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். எந்த போல்ட் எங்கிருந்து வந்தது, எத்தனை வாஷர் என்று வரிசை எண்ணோடு குறிப்பு. இரண்டாம் நாளே நோட்டு தோற்றுவிட்டது. டைமிங் கவரின் ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. இடம் மாறினால் ஒன்று பிடிக்காது, அல்லது உள்ளே முட்டும். மச்சினன் எழுந்து நொண்டிக்கொண்டே போய், கழித்துப் போட்ட ஜக்கார்டு அட்டை ஒன்றைக் கொண்டு வந்தான். கவரின் உருவத்தை அதில் வரைந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதனதன் இடத்திலேயே அட்டையில் குத்தி வைத்தான். ஓட்டை சிறிதாக இருந்த இடத்தில் கத்திரி முனையால் பெரிசாக்கினான். என்னுடைய மூன்று பக்கக் குறிப்பு அந்த ஒரு அட்டையில் அடங்கிவிட்டது.

பாவு தீர்ந்தால் புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. ஒன்று இடம் மாறினாலும் சேலையில் தெரியும். அந்தக் கைக்கு முன்னால் குமாஸ்தா நோட்டு எம்மாத்திரம்?

ஜக்கார்டு என்ற பெயரே லியோன் நகரத்து ஆள் ஒருவனுடையது, 1804இல் அந்தக் கருவியைச் செய்தான் என்று சொன்னேன். "உங்க ஊர்க்காரனா மாமா?" என்றான். நான் பிரெஞ்சில் படித்ததால் பிரான்ஸ் முழுவதும் எனக்குச் சொந்த ஊர் என்பது இந்த வீட்டு வழக்கம். பதிலுக்கு புல்லட்டின் பூர்வீகத்தையும் சொன்னேன். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர் ஊசிக்குப் பேர்போனது. அந்தக் கம்பெனியின் வேரே ஒரு ஊசிப் பட்டறைதான். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆனது. அங்கே மூடிய பிறகும் திருவொற்றியூரில் செய்துகொண்டே இருந்தார்கள். "ஊசி செஞ்சவனா? அப்ப நம்மாளு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தான்.

ஸ்பேனர் விஷயத்தில் எனக்கு அவமானம். மீட்டரைப் பெற்ற நாட்டின் பாடத்தைப் படித்தவன் நான். மில்லிமீட்டர் ஸ்பேனர் செட் ஒன்றை ஆசையாக வாங்கி வந்தேன். அந்தக் காலத்து புல்லட்டில் பெரும்பாலும் இங்கிலீஷ் மரை. என் ஸ்பேனர் நட்டின் முனைகளை மழுக்கியது. கடைசியில் பழைய லாரி பட்டறை ஒன்றில் இங்கிலீஷ் அளவு ஸ்பேனர்களை இரவல் வாங்கினோம்.

இன்னொன்று. நான் மனசுக்குள் எண்ணுவது இன்றைக்கும் பிரெஞ்சில்தான். பள்ளியில் பழகிய எண் போகாது. இந்த எஞ்சினில் சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். பிரெஞ்சில் எழுபது என்றால் "அறுபது-பத்து". தொண்ணூறு என்றால் "நாலு-இருபது-பத்து". சுவசாந்த்-தீஸ், காத்ர்-வேன்-தீஸ் என்று நான் முணுமுணுப்பதைக் கேட்டு மச்சினன் மகள், "மாமா மந்திரம் போடறாரு" என்றாள். அந்த இரண்டு எண்ணையும் வைத்துக் கொள்ளளவைக் கணக்குப் போட்டால் 346 சி.சி. வருகிறது. 350 என்று ஏன் எழுதுகிறார்கள் என்று அவள் கேட்டாள். ஆபீஸில் ரவுண்டு பண்ணுவது மாதிரிதான் என்றேன்.

முன்பக்கம்தான் பெரிய சேதம். ஃபோர்க் குழாய்கள் இரண்டையும் கழற்றி, சமையலறையில் இருந்த கடப்பைக் கல்லின் மேல் உருட்டினோம். ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடியது. மற்றொன்று தத்தித் தத்தி நின்றது. அது வளைந்தது. அதை மாற்ற வேண்டும். முன் விளக்கு, வேகமானி, ஆம்ப் மீட்டர் எல்லாவற்றையும் தாங்குகிற அலுமினிய வார்ப்புத் தலையும் விரிந்து போயிருந்தது. உதிரிபாகப் பட்டியலில் அதன் பெயர் "காஸ்கெட்". பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிரெஞ்சில் அது முன்பக்கம் நீட்டிய தொப்பி. எங்கள் பள்ளிக்கு முசே ஒருவர் வெயிலுக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் வருவார்.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் போய், உச்சரிப்பு சுத்தமாக, "புல்லட்டுக்கு காஸ்கெட்" என்றேன். பையன் கேஸ்கெட் செட் ஒன்றை எடுத்துப் போட்டான். அது இல்லை, காஸ்கெட் என்றேன். வேறு கம்பெனி கேஸ்கெட் வந்தது. மூன்றாவது தடவை நான் என் தலையில் கை வைத்துத் தொப்பி மாதிரி காட்ட, உள்ளே இருந்த பெரியவர், "ஹெட்லைட் கூண்டு கேக்குறாருடா" என்றார். அங்கே கிடைக்கவில்லை. புதுப்பேட்டையில் பழையது ஒன்று கிடைத்தது, இரண்டு பக்கமும் குட்டி டைகர் லைட்டோடு. அந்த கேஸ்கெட் செட்டையும் வாங்கித்தான் வந்தேன். அதுவும் தேவைப்பட்டது.

எல்லாம் கழற்றிய பிறகு டூல் பாக்ஸ் ஒன்று மட்டும் மிச்சம். சாவி அன்றிரவு தொலைந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன். உள்ளே ஒரு கந்தல் துணி, பழைய பிளக், அப்புறம் பாலிதீனில் சுருட்டிய தாள்.

அது என்ன என்று பிரிக்காமலே எனக்குத் தெரியும். அதில் இருந்தது என் கையெழுத்து.

மச்சினன் மகளின் படிப்புக்கான உதவித்தொகை மனு. நான்தான் பூர்த்தி செய்து, ஆரணியில் ஒரு கையெழுத்தும் சீலும் வாங்கி வரச் சொல்லியிருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் போனில், "ராத்திரி இங்கே தங்கிட்டுக் காலையில வர்றேன் மாமா" என்றான். "நாளைக்குக் கடைசித் தேதி. காலையில் நீ எப்போ வந்து, நான் எப்போ கொண்டுபோய்க் கொடுக்கிறது? இன்னிக்கே கிளம்பு" என்றேன். ஆபீஸ் கவுன்ட்டரில் எத்தனையோ பேரிடம் பேசிய அதே குரலில்தான் சொல்லியிருப்பேன். அவன் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றாம் நாள், தேதியைப் பதினைந்து நாள் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட.

தாளை அவன் கையில் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தான். "சீல்கூட நல்லா விழுந்திருக்கு மாமா" என்றான்.

தேதி தள்ளிப்போன விஷயத்தை அப்போதுதான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று சரியாக ஞாபகம் இல்லை. ஃபோர்க் குழாயைத் துடைத்துக்கொண்டே சொன்னேன் என்பது மட்டும் ஞாபகம். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. வெளியே மழை. பிறகு, "கடைசித் தேதி எருமைக்குத் தெரியுமா மாமா?" என்றான். தாளைத் திருப்பிப் பார்த்தான். "பின்பக்கம் காலியாத்தானே இருக்கு. சாமான் கணக்கை இதுலயே எழுதுங்க."

எழுதினேன். காஸ்கெட், ஃபோர்க் குழாய், டைமிங் கவர், முன் ரிம், ஸ்போக், கியர் லிவர், வால்வு தேய்க்க பேஸ்ட். அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது.

சேர்ப்பதில் அவன்தான் மேஸ்திரி, நான் எடுபிடி. இரண்டு சக்கரமும் ஒரே நேரில் நிற்கிறதா என்று பார்க்க, பின் டயரிலிருந்து முன் டயர் வரை பாவு நூலை இழுத்துக் கட்டினான். ஒரு கண்ணை மூடிப் பார்த்தே "இடது பக்கம் ஒரு இழை தள்ளு" என்பான். ஒரு இழை என்றால் எத்தனை மில்லிமீட்டர் என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

பாயின்ட் வைப்பது மட்டும் என் வேலை. பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்கும் கணத்தைக் கண்டுபிடிக்க, நடுவில் சிகரெட் தாளை வைத்து மெதுவாக இழுத்துப் பார்ப்பார்கள். தாள் எப்போது விடுபடுகிறதோ அதுதான் கணம். அதற்காகப் பெட்டிக்கடையில் ஒரு சிகரெட் வாங்கினேன். நான் வீடு வந்து சேருவதற்குள் செய்தி என் மனைவிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி முற்றத்தில் நின்றது. யார் உதைப்பது? அவன் கால் முடியாது. என் முழங்கால் மாடிப்படிக்கே யோசிக்கும். டைமிங் தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போய்விடும். ஏற்கெனவே ஒரு கணுக்கால் போனது போதும்.

"நான் உதைக்கிறேன்பா" என்றாள் மகள். மச்சினன் முகம் மாறியது. வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். அவன் ஆம்ப் மீட்டரைக் காட்டினான். "பலம் வேணாம். சாவியைப் போடு. கிக்கரை மெதுவா அழுத்து. முள்ளு நடுவுக்கு வந்து நிக்கும். அங்க நிறுத்து. இப்ப இந்த டீகம்ப் லிவரைப் பிடிச்சுக்கிட்டு இன்னும் கொஞ்சம் இறக்கு. விடு. கிக்கரை மேல வரவிடு. இப்ப முழுசா உதை." நாடாவை ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் மாதிரி ஒவ்வொரு அசைவையும் தனியாகச் சொன்னான்.

முதல் உதையில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு தும்மல். நான் சிகரெட் தாளை நினைத்துக்கொண்டேன். மூன்றாவதில் பிடித்தது.

அவன் உடனே எண்ணெய் மூடியைத் திறந்து, எண்ணெய் திரும்பி வருகிறதா என்று குனிந்து பார்த்தான். வெகு நேரம் குனிந்தபடியே இருந்தான். உள்ளே அடுப்படியில் அவன் மனைவி என்னவோ கேட்டாள், சத்தத்தில் யாருக்கும் காதில் விழவில்லை.

தறிக்கு ஜக்கார்டைத் தூக்க மோட்டார் வைக்கலாம் என்கிறார்கள். அதற்கும் மனு உண்டு. இந்த முறை கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே எழுதி முடித்து, நானே பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

மகள் எல்.எல்.ஆர். எடுத்திருக்கிறாள். ஸ்கூட்டி ஓட்டிப் பழகியவள். அந்தக் காலத்து புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். போன வாரம் கோயில் முனையில் பிரேக் என்று நினைத்து கியரை மிதித்து, பின்னால் உட்கார்ந்திருந்த அப்பாவோடு நேராகப் பூக்காரம்மா கடைக்குள் போய் நின்றாள். காஸ்கெட்டில் சின்ன நெளிவு. மச்சினன் திண்ணையில் சாக்கை விரித்துக்கொண்டிருக்கிறான்.