வாசமில்லாத சோப்பு

மைசூரில் பிறந்து வளர்ந்தவன் வாசனையே இல்லாத சோப்பு செய்யக் கற்றுக்கொண்டான் என்று ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அதுதான் நடந்தது. நடந்த இடம் மிச்சிகனில் எங்கள் பக்கத்து வீட்டு கராஜ்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் மான் வேட்டைக்காரர். இங்கே அக்டோபர் 1-ல் வில் அம்பு சீசன், நவம்பர் 15-ல் துப்பாக்கி சீசன். ஆகஸ்ட் மாதமே மனுஷன் சோப்பு காய்ச்ச ஆரம்பித்துவிடுவார். மானுக்குக் கண்ணை விட மூக்கு கூர்மை. மனித வாடை பட்டால் போதும், வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். அதனால் வாசனை துளியும் இல்லாத சோப்பு. இதைக் கேட்டதும் தங்கமணி, "மானைக் கொல்றதுக்கு நீங்க சோப்பு செஞ்சு குடுக்கப் போறீங்களா?" என்று முறைத்தாள். 1972-லேயே சட்டம் போட்டு வேட்டையை நிறுத்திய நாட்டிலிருந்து வந்தவர்கள் இல்லையா. ராஜா வேட்டையாடிய பந்திப்பூரிலேயே நாமெல்லாம் ஜீப்பில் உட்கார்ந்து புள்ளிமானை போட்டோதானே எடுத்தோம்.

நான் அங்கே போனது மானுக்காக இல்லை, பெண்ணுக்காக.

ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து சீட் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போனாளாம். "கறி ஸ்மெல்" என்றாளாம். வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் இரண்டு முறை குளித்தாள். ராத்திரி என்னிடம் வந்து, "அப்பா, அந்த அங்கிள் செய்யற சோப்பு எனக்கும் வேணும்" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் கராஜில். ரீஃபைண்ட் தேங்காய் எண்ணெய் 300 கிராம், வாசமில்லாத ஆலிவ் எண்ணெய் 300 கிராம், காஸ்டிக் சோடா 90 கிராம், தண்ணீர் 200 கிராம். எல்லாம் தராசில் எடை போட்டு. கையுறை, கண்ணாடி கட்டாயம். தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைப் போடவேண்டும். சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, காரம் அரித்துவிடும். சூடு ஆறியதும் எண்ணெயில் கலந்து பிளெண்டரால் அடித்தால் கஸ்டர்ட் மாதிரி கெட்டியாகும். அச்சில் ஊற்றி, மறுநாள் வெட்டி, நான்கு வாரம் காயவைக்கவேண்டும். வேட்டைக்காரர்கள் பிறகு அதைத் துருவி, கொஞ்சம் தண்ணீரில் உருக்கி, சமையல் சோடா சேர்க்கிறார்கள். முதலிலேயே போட்டால் காரத்தோடு அது வினை செய்து வேறு உப்பாகிவிடும்.

கலக்கிக்கொண்டிருந்தபோது எனக்குள் கொசுவத்தி சுத்த ஆரம்பித்துவிட்டது.

அப்பா மைசூர் மானந்தவாடி ரோட்டில் இருக்கும் சந்தன எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தார். முதல் உலகப் போரில் சந்தனக் கட்டை ஐரோப்பாவுக்குப் போகமுடியாமல் தேங்கிக் கிடந்தது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ராஜா, விஸ்வேஸ்வரய்யா திவான். கட்டையை விற்பதற்குப் பதில் எண்ணெயை நாமே வடிப்போம் என்று 1916-ல் தொடங்கினார்கள். அப்படித்தான் மைசூர் சாண்டல் சோப்பும் பிறந்தது. வைரம் பாய்ந்த நடுக்கட்டையைச் சீவித் தூளாக்கி நாள்கணக்கில் ஆவியில் வடிக்கவேண்டும். அந்த ஆவியில் நின்றவர் அப்பா. டவுன் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்த்து, "ஃபேக்டரியா சார்?" என்று கேட்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருவார்.

வேடிக்கை என்னவென்றால் அப்பாவுக்கு மட்டும் அந்த வாசனை தெரியவே தெரியாது. "எனக்கு ஒண்ணும் வரலையேடா" என்று சட்டையை மோந்து பார்ப்பார். தினமும் கூடவே இருக்கிற வாசனையை மூக்கு கணக்கில் எடுத்துக்கொள்வதை விட்டுவிடுகிறது. எங்கள் வீட்டுத் தாளிப்பு எங்களுக்குத் தெரியாததும் அதனால்தான்.

நான்கு வாரம் கழித்துப் பெண் அந்த சோப்பில் குளித்தாள். இரண்டு நாள் கழித்து முகம் தொங்கியபடி வந்தாள். பலன் இல்லை. பெரியவரிடம் போய்ச் சொன்னேன். சிரித்துவிட்டு, "சோப்பு ஒரு மணி நேரத்துக்கு. வாடை இருக்கிறது துணியில்" என்றார். புது வியர்வைக்கு வாடையே கிடையாதாம், தோலில் உள்ள பாக்டீரியாதான் அதை வாடையாக்குகிறது. சோப்பு போட்டாலும் அது திரும்ப வந்துவிடும். தன் வேட்டை உடுப்பை வீட்டுக்குள்ளேயே கொண்டுவருவதில்லை. சென்ட் இல்லாத பவுடரில் துவைத்து, வெளியே உலர்த்தி, மூடி போட்ட டப்பாவில் கராஜில் வைத்திருக்கிறார். "அதுக்கு மேல காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்க்கணும். காத்து மான் பக்கம் போனா எந்த சோப்பும் காப்பாத்தாது."

வீட்டுக்கு வந்து பார்த்தால், எங்கள் குளிர்கோட்டுகள் எல்லாம் சமையலறைக்கு எதிரே ஆணியில் தொங்குகின்றன! கடுகு, பெருங்காயம், வெங்காயம், எண்ணெய்ப் புகை மொத்தமும் பஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தினமும் பல் துலக்குகிறோம், வருஷத்துக்கு ஒருமுறை கூட கோட்டைத் துவைப்பதில்லை. அன்றே எல்லாவற்றையும் துவைத்து, கராஜ் அலமாரிக்கு மாற்றினோம். தாளிக்கும்போது படுக்கையறைக் கதவுகளைச் சாத்துகிறோம், புகைபோக்கி விசிறியை முன்கூட்டியே போடுகிறோம். பஸ் தொல்லை நின்றது. சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடுகளில் முதலில் கோட்டைப் பாருங்கள், குழந்தையை இல்லை.

போன வாரம் பெட்டியைக் குடைந்தபோது அப்பாவின் பழைய ஸ்வெட்டர் கிடைத்தது. அவர் போய் ஆறு வருஷம். பெண் முகத்தில் வைத்து இழுத்து, "தாத்தா வாசனை" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "தாத்தாவை யாரும் மூக்கைப் பொத்தினதில்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அது சந்தனம்ப்பா" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஸ்வெட்டரைத் துவைக்கவில்லை. கோட்டு பிரச்சனை தீர்ந்தாலும் புளியோதரை இன்னும் அவள் டிபன் டப்பாவில் ஏறவில்லை, சாண்ட்விச்தான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு தட்டு சாப்பிடுகிறாள்.

வாசமில்லாத சோப்பு இன்னும் எட்டுக் கட்டி மிச்சம். வேண்டும் என்றால் சொல்லுங்கள். மானுக்குப் பக்கத்தில் போகிறவர்களுக்கு முன்னுரிமை :-)