அத்தாவின் பாஸ்புக்கில் பென்சில் வட்டங்கள்

எனக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பள்ளித் தோழிக்கு ராஜபாளையம். பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் அவள் வீட்டில் அத்தாவின் பாஸ்புக்கைப் பார்த்தேன். (அவளைப் போலவே நானும் அவரை 'அத்தா' என்றுதான் கூப்பிடுவேன்.) வங்கி வரவு வைத்த வட்டியை மட்டும் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

"அது நம்ம காசு இல்லம்மா" என்றார். வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்து, கஷ்டப்படுகிற யாருக்காவது கொடுத்துவிடுவார். அதைத் தர்மக் கணக்கில்கூட சேர்க்க மாட்டார். கையைவிட்டுப் போனால் போதும்.

"அப்போ எதுக்கு அத்தா பேங்க் அக்கவுன்ட்?"

"பேண்டேஜ் துணிக்குப் பணம் வேற எப்படி வரும்?"

இந்தியாவில் இஸ்லாமிய வங்கி என்று ஒன்று இல்லை. வட்டியில்லா வங்கிச் சேவை வேண்டும் என்று 2008-ல் ரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்தது. 2017-ல், அந்த யோசனையைத் தொடரப்போவதில்லை என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. மலேசியாவில் 1983 முதலே இஸ்லாமிய வங்கி இருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர்களும் போகிறார்கள். இலங்கையில் அமானா வங்கி 2011-ல் தொடங்கியது.

அங்கே ஒரு லட்ச ரூபாய் தறி வேண்டுமென்றால், வங்கியே அதை வாங்கி, லாபம் வைத்து, ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் என்று நமக்குத் தவணையில் விற்கும். "வட்டிதானே, பேர்தான் வேற?" என்று கேட்டேன். அத்தா சிரித்தார். "முதல் நாளே தொகை தெரிஞ்சிருதுல்ல? அதுக்கு மேல வளராது."

அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் டிப்ளோமா சேர்ந்த வருஷம் அம்மா செயினை அடகுக்கடையில் வைத்தார். மாதாமாதம் வட்டி கட்டினோம்; அசல் அப்படியே நின்றது. இரண்டே வருஷத்தில் செயின் மூழ்கிப்போனது. அதே சமயம் தோழியின் அம்மா, பள்ளிவாசல் பைத்துல்மாலில், அதாவது ஜமாத்தின் பொதுநிதியில், வளையலை வைத்து 20,000 வாங்கினார். மாதம் 2,000 வீதம் பத்து மாதம். வளையல் வீட்டுக்கு வந்துவிட்டது.

'ஹலால்' என்று போர்டு வைத்தாலே நம்பிவிடவும் முடியாது. 2019-ல் பெங்களூரு ஐ.எம்.ஏ நிறுவனம் கவிழ்ந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் சேமிப்பை இழந்து தெருவில் நின்றார்கள். அத்தாவிடமும் ஒருவர் இப்படி ஒரு திட்டத்தோடு வந்திருக்கிறார். "மாசம் இவ்வளவு லாபம்னு வியாபாரத்துல முன்கூட்டியே எப்படிப்பா சொல்ற?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

இந்த வருஷம் வீட்டுக் கூரை ஒழுகியது. மிச்சமிருந்த இரண்டு வளையல்களோடு அம்மா அத்தாவிடம் போய், "நமக்கெல்லாம் தருவாங்களாண்ணே?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஜமாத்தில் பேசிவிட்டுச் சொல்வதாக அத்தா சொன்னார். நிதி குறைவு, வரிசை பெரிது. இரண்டு மாதம் கழித்துத்தான் கூப்பிட்டார்கள்.

கையெழுத்துப் போடும் முன் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வளராதுல்ல?"

போன வாரம் நான்காவது தவணை கட்டினோம். இன்னும் ஆறு.