விசிறியில் பூத்த மலர்கள்

இன்றைய டோக்கியோ நகரம் முன்னர் எடோ எனப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நகர மக்கள் கோடை வெம்மையைத் தணிக்க 'உச்சிவா' என்னும் மடக்கா விசிறியை ஏந்தினர். செர்ரி மரப்பலகைகளில் செதுக்கி, வண்ணத்திற்கொரு பலகையாக அச்சிட்ட ஓவியத்தாளை விசிறி வடிவில் வெட்டி, மூங்கில் கீற்றுகளின்மேல் ஒட்டுவர். ஹிரோஷிகே (1797–1858) போன்ற பெரும் ஓவியர்களும் இவ்விசிறிகளுக்காக வரைந்தனர்.

அவ்வோவியங்களில் செடிகொடிகள் வெறும் அழகுக்காக மட்டும் இடம்பெறவில்லை. பனியிலும் பசுமை மாறாத பைன் மரம் நீடுவாழ்வையும், வளைந்தும் ஒடியாத மூங்கில் உறுதியையும், கடுங்குளிரிலேயே மலரும் பிளம் பூ துணிவையும் குறித்தன. கோடை விசிறியில் இலையுதிர்காலப் புற்களை வரைவதும் உண்டு. காற்றில் சாயும் புல்லைக் கண்ட அளவிலேயே, வரவிருக்கும் குளிர்ச்சியை மனம் உணர்ந்துவிடும். 'அசகாவோ' என்னும் கொடிமலரின் பெயருக்குக் 'காலை முகம்' என்பது பொருள். விடியலில் விரிந்து நண்பகலுக்குள் வாடும் அம்மலர், வாழ்வின் நிலையாமையை நினைவூட்டியது.

அம்மலரைத் தாங்கிய விசிறியும் நிலையற்றதே. கோடை முழுதும் உழைத்து நைந்தபின் அது எறியப்பட்டது. இன்று அருங்காட்சியகங்களில் எஞ்சியிருப்பவற்றுள் பல, வெட்டப்படாமலும் மூங்கிலில் ஒட்டப்படாமலும் தங்கிவிட்ட தாள்களே. அவை எவர் முகத்திலும் காற்று வீசியதில்லை. வியர்த்த முகங்களுக்குக் காற்றளித்து மறைந்துபோன எண்ணற்ற விசிறிகளின் அழகை, ஒருநாளும் வீசாத அத்தாள்களே இன்று நமக்குக் காட்டுகின்றன.