பெரியப்பாவின் பதினொரு பெட்டிகள்

“இத வித்தா எவ்வளவு தேறும்?” என்று அண்ணன் கேட்டார். பெரியப்பா காரியம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. புக்கிட் செந்தோசா வீட்டுப் பின்னறையில் பதினொரு பெட்டிகள். தமிழ் நேசன் ஞாயிறு பதிப்புகள், தோட்டக் கோயில் திருவிழா நோட்டீசுகள், தொழிற்சங்கச் சுற்றறிக்கைகள், கல்யாணப் பத்திரிகைகள், மரண சகாய நிதிக் கணக்கு நோட்டு. தோட்டத்தை விட்டு வந்தபோது அலமாரியைக்கூட அங்கேயே போட்டுவிட்டு இவற்றைத்தான் லாரியில் ஏற்றினார். பெரியம்மாவுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அண்ணன் கேட்டதில் தப்பில்லை. மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும். ‘சூராட் காபார் லாமா’ என்று ஒலிபெருக்கியோடு தாமானைச் சுற்றும் லாரிக்காரர் கிலோவுக்குச் சில காசு தருவார். அதுக்கு மேல ஒரு விலை இருக்கா?

இருக்கிறது என்பதற்கு ரோஜா முத்தையாவைச் சொல்வார்கள். கோட்டையூரில் சுமார் ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் சேர்த்தவர். 1992இல் இறந்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் சேகரிப்பை வாங்கியது. வாங்கி, சென்னையிலேயே நூலகமாக வைத்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் செலவு விலையோடு முடியவில்லை. கட்டடம், பட்டியல், நுண்படம், ஆட்களுக்குச் சம்பளம் என்று அதற்குப் பிறகுதான் செலவே ஆரம்பித்தது. ஆவணத்தை வாங்குகிறவன் காகிதத்தோடு இந்தச் செலவையும் சேர்த்துத்தான் வாங்குகிறான். பட்டியல்கூட இல்லாத பதினொரு பெட்டிக்கு யார் வருவார்?

நாளிதழ்களுக்கு மதிப்பு இருக்கும் என்று அண்ணன் நம்பினார். 1924இல் தொடங்கிய நேசன் 2019இல் நின்றுபோனது; இனி வராது, அதனால் விலை ஏறும் என்பது அவர் கணக்கு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிங்கப்பூர்த் தமிழ் முரசின் பழைய இதழ்களை அங்குள்ள தேசிய நூலகம் மின்னாக்கம் செய்து, பலவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. நேசனுக்கும் நாளை அப்படி நடந்தால், தொடர்ச்சியில்லாத நம் ஞாயிறு இதழ்களுக்கு யார் காசு கொடுப்பார்? தவிர, தாளை விற்கலாம், எழுத்தை விற்க முடியாது. மலேசியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து ஐம்பது ஆண்டுவரை காப்புரிமை உண்டு. பெட்டியை வாங்கியவருக்கும் ஒரு சிறுகதையை மறுபதிப்புச் செய்யும் உரிமை கிடைக்காது.

வேறெங்கும் கிடைக்காதவை அந்த நோட்டீசுகளும் கணக்கு நோட்டும்தான். சந்தையில் அவற்றுக்குத்தான் விலையே இல்லை. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டம் இந்த மாதிரிப் பொருட்களை மின்னாக்கம் செய்ய நிதி தருகிறது. வேலைக்குத்தான் பணம், பொருளுக்கு இல்லை. மூலப்பிரதி நாட்டை விட்டுப் போகவும் கூடாது.

“அப்ப லாபம் இல்லைன்னு சொல்ற.”

“இல்லண்ணே. பீஸுக்கு வேற வழிதான் பாக்கணும்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பெட்டிகளை லாரிக்காரரிடம் போடவும் இல்லை. இப்போது அண்ணன் மகள் சனிக்கிழமைகளில் பட்டியல் எழுதுகிறாள். நாலாவது பெட்டிக்கு வந்திருக்கிறாள்.

சகாய நிதி நோட்டில்தான் சிக்கல். யார் சந்தா கட்டவில்லை, யார் வீட்டுச் சாவுக்குக் கடன் வாங்கினார்கள், எல்லாம் பேரோடு இருக்கிறது. அதில் சிலர் இதே தாமானில் மூன்று லோரோங் தள்ளிக் குடியிருக்கிறார்கள். ஆய்வாளர்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் நோட்டை வாங்கி, புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டார். “நான் இருக்கிற வரைக்கும் இத விக்கவும் வேணாம், படம் புடிக்கவும் வேணாம்யா.”